நஞ்சின் நடுவே வாழும் நுண்ணுயிர்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாற்கடல் கடைந்த கதையை இம்மண்டபத்தில் அறியாதார் எவருமிலர். அமுதம் தேடிய இடத்தில் ஆலகாலம் எழுந்தது. தேவரும் அசுரரும் அஞ்சி ஓடினர். இறைவன் அதனை எடுத்து உண்டு, கண்டத்திலே நிறுத்தினான். நஞ்சு வெளியே பரவவுமில்லை, உள்ளே இறங்கவுமில்லை. மிஷன் பாடசாலையிற் படித்தவன் நமக்கே புராணம் சொல்ல வந்துவிட்டானே என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். இக்கதையைப் பாட்டியாரின் மடியிலே கேட்டேன்; பாஷாணத்தின் இரசாயனத்தைப் பாடசாலையிலே கற்றேன். இரண்டையும் மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். ஆனால், ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக நிறுத்தப் போவதில்லை. ஏன் என்பது பேச்சின் முடிவில் விளங்கும்.

இன்று நான் எடுத்துக்கொண்ட நஞ்சு ஆசனிக்கு என்னும் மூலகம். வெள்ளைப் பாஷாணம் என்பது அதன் ஒட்சைட்டு. கூத்தாடுவோர் முற்காலத்தில் முகத்திற் பூசிய மஞ்சள் அரிதாரமும் ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிப்பொருளே. வேடம் புனைவோர் பூசிய இப்பொருளில் உள்ள ஆசனிக்கும் ஒரு வேடதாரிதான் என்பது வியப்பான பொருத்தம்.

அது எப்படி? மூலகங்களின் அட்டவணையிலே பொசுபரசுக்கு நேர் கீழே நிற்பது ஆசனிக்கு. பொசுபரசு இன்றி உயிர் இல்லை. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டீ.என்.ஏ. என்னும் நீண்ட சங்கிலியைப் பிணைத்து வைப்பது பொசுபேற்று. கலம் தன் சத்தியைச் சேமித்துச் செலவிடுவதும் பொசுபேற்றைக் கொண்டே. ஆசனேற்று, வடிவத்திலும் குணத்திலும் பொசுபேற்றை ஒத்தது. ஆதலால் பொசுபேற்றுக்குத் திறக்கும் வாயிலாலேயே அது கலத்துள் நுழைந்துவிடுகிறது. நுழைந்தபின் பொசுபேற்றின் வேலையைத் தான் செய்ய முற்படுகிறது. ஆனால், அது சேர்த்த பிணைப்புகள் நீரிலே விரைவில் அறுந்துவிடுகின்றன. உறவினன் போல வந்து வீட்டைக் குலைப்பவன் அது.

இத்தகைய நஞ்சு நிறைந்த ஏரி ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, சியெரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கில் உள்ளது. அதன் பெயர் மோனோ ஏரி. மலையோடைகள் அதிலே வந்து விழும், வெளியேற வழியில்லை. நீர் ஆவியாகிப் போகும். உப்பும் ஆசனிக்கும் தங்கிவிடும். 1941ஆம் ஆண்டு முதல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் தேவைக்காக அவ்வோடைகளைத் திருப்பிக்கொண்டமையால் ஏரி சுருங்கி, உப்பு இன்னும் செறிந்தது. கடல்நீரிலும் உப்பு, சவர்க்கார நீரைப் போன்ற காரம், குடிநீருக்கென உலக சுகாதார தாபனம் விதித்த அளவிலும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட ஆசனிக்கு. அங்கே மீன் இல்லை. எனினும் ஏரி சுடுகாடு அன்று. கரையெல்லாம் ஈக்கள், நீரிலே சிற்றிறால்கள், அவற்றை உண்ண வரும் பறவைக் கூட்டங்கள், கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் கோடி கோடி.

2010ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, வேற்றுலக உயிர்களைத் தேடும் முயற்சியைப் பாதிக்கக்கூடிய கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றிப் பத்திரிகையாளருக்குக் கூறப்போவதாக அறிவித்தது. வேற்றுலக உயிரே அகப்பட்டுவிட்டது என்றுகூடப் பலர் ஊகித்தனர். டிசம்பர் 2ஆம் திகதி வெளிவந்த செய்தி இதுதான். பெலிசா வுல்ப்-சைமன் என்னும் இளம் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் மோனோ ஏரிச் சேற்றை எடுத்து, பொசுபேற்றுச் சேர்க்காது ஆசனேற்றை மேன்மேலும் கூட்டிய கரைசலில் வளர்த்தனர். அதில் ஒரு பற்றீரியா பிழைத்தது. அது பொசுபரசுக்குப் பதிலாக ஆசனிக்கைத் தன் டீ.என்.ஏ.யிலேயே சேர்த்துக்கொள்கிறது என்று அவர்கள் "சயன்ஸ்" என்னும் புகழ்பெற்ற சஞ்சிகையில் எழுதினர். அதற்கு இட்ட பெயர் ஜீ.எவ்.ஏ.ஜே.-1. "பெலிசாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்" என்னும் ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளாம் அவை! உத்தியோகம் தேடும் துயரம் நமக்கு மட்டும் உரியதன்று என்று கண்டு ஆறுதலடையலாம்.

இக்கூற்று மெய்யாயின் அதன் விளைவு சிறிதன்று. காபன், ஐதரசன், நைதரசன், ஒட்சிசன், பொசுபரசு, கந்தகம் ஆகிய ஆறு மூலகங்களே எல்லா உயிர்க்கும் அடிப்படை என்பது பாலர் பாடம். அதிலொன்றை நீக்கி நஞ்சை வைத்தும் உயிர் அமையுமெனின், பாடநூல்களைத் திருத்தி எழுதவேண்டி வரும்.

ஆனால், ஆராய்ச்சியாளர் பலர் ஐயுற்றனர். பொசுபேற்றுச் சேர்க்கவில்லை என்பது வேறு. பொசுபேற்று இல்லை என்பது வேறு. நாம் உப்புப் போடாவிட்டாலும், கறிக்கு இட்ட உப்புமாங்காயிலிருந்து உப்பு வந்துவிடாதா? கரைசலுக்கு இட்ட உப்புகளிலே மாசாகக் கலந்திருந்த பொசுபேற்று மிகச் சிறிதே. எனினும் பற்றீரியாவுக்கு அது போதும். பிரித்தெடுத்த டீ.என்.ஏ. நன்கு கழுவப்படவில்லை என்பதும் ஒரு குறை.

கனடாவிலே பிரித்தானிய கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோஸ்மேரி ரெட்பீல்ட் என்னும் பெண்மணி, குறை கூறியதோடு நின்றுவிடவில்லை. அதே பற்றீரியாவைப் பெற்று, தாமே வளர்த்து, வேறு விஞ்ஞானிகளின் துணையோடு அதன் டீ.என்.ஏ.யைச் சோதித்தார். நாள்தோறும் கண்டதை எவரும் பார்க்கும்படி எழுதியும் வந்தார். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே மற்றொரு குழுவும் தனியே ஆராய்ந்தது. 2012ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இரண்டு கட்டுரைகளும் அதே "சயன்ஸ்" சஞ்சிகையில் வெளிவந்தன. நன்கு தூய்மையாக்கிய டீ.என்.ஏ.யில் ஆசனேற்றைக் காணமுடியவில்லை. பொசுபேற்று இன்றேல் அப்பற்றீரியா வளர்வதுமில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலையில் அச்சஞ்சிகை 2010ஆம் ஆண்டுக் கட்டுரையை மீளப் பெற்றது. அதில் மோசடி ஏதும் இல்லையென்றும், முடிவைச் சோதனைகள் தாங்கவில்லையென்றும் ஆசிரியபீடம் கூறியது. கட்டுரையை எழுதியவர்கள் இதற்கு உடன்படவில்லை.

அப்படியாயின் எஞ்சியது ஒன்றுமில்லையா? அன்பர்களே, மெய்யான வியப்பு இங்கேதான் தொடங்குகிறது. அப்பற்றீரியா அத்துணை நஞ்சினிடையே வாழ்ந்தது பொய்யன்று. எவ்வாறு வாழ்ந்தது? 2012இலேயே இசிறேலின் வைஸ்மன் நிறுவனத்தார் அதன் வாயிற்காவலனாகிய புரதத்தை ஆராய்ந்தனர். ஒரே அச்சில் வார்த்தன போன்ற இரு பொருள்களுள், ஆசனேற்றைத் தள்ளிப் பொசுபேற்றையே அது பற்றிக்கொள்கிறது. சூழவுள்ள ஆசனேற்றுப் பல நூறு மடங்கு மிகுந்திருந்தாலும் அது ஏமாறுவதில்லை. காவலையும் கடந்து உள்ளே நுழையும் நஞ்சுக்கு வேறொரு வழி உண்டு. பற்றீரியாக்கள் பலவற்றிலே அதனை உருமாற்றி வெளியே இறைத்துவிடும் பம்பி போன்ற அமைப்பு இருக்கிறது. நம் குடலில் வாழும் எளிய பற்றீரியாவிலும் இவ்வமைப்பு உண்டு.

இவற்றிலும் விந்தையான உயிர்கள் உள. சில பற்றீரியாக்கள் நாம் ஒட்சிசனைப் பயன்படுத்துவது போல ஆசனேற்றைக் கொண்டு சுவாசிக்கின்றன. மோனோ ஏரியிலுள்ள பவோகா தீவின் வெந்நீர்க் குட்டைகளிலே, சூரிய ஒளியின் துணையோடு ஆசனைற்றைப் பயன்படுத்தி உணவாக்கும் பற்றீரியாக்கள் வாழ்வது 2008ஆம் ஆண்டு தெரியவந்தது. ஆனால் கவனியுங்கள்: நஞ்சைச் சத்திக்குப் பயன்படுத்தும் இவையும் தம் உடலின் சங்கிலியைப் பொசுபரசாலேயே கட்டுகின்றன.

இது தொலைதூர ஏரியின் வேடிக்கைக் கதை மாத்திரமன்று. வங்காளதேசத்திலே, அழுக்கான குளத்து நீரால் வரும் நோய்களுக்கு அஞ்சி, 1970ஆம் ஆண்டுகள் முதல் இலட்சக்கணக்கான குழாய்க்கிணறுகளை இறக்கினர். நோக்கம் நல்லதே. ஆனால் ஆழத்து மண்ணிலே இரும்புத் துருவோடு ஒட்டிக்கிடந்த ஆசனிக்கை நுண்ணுயிர்களின் தொழிற்பாடு கரைத்து நீரில் விட்டிருந்தது. அந்நாட்டின் 12.5 கோடி மக்களுள் 3.5 கோடி முதல் 7.7 கோடி வரையானோர் ஆபத்துக்குட்பட்டிருக்கின்றனர் என்று 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரையொன்று மதிப்பிட்டது. மறுபுறத்தில், ஆசனைற்றை ஆசனேற்றாக மாற்றும் பற்றீரியாக்களும் உள. ஆசனேற்று இரும்புத் துருவோடு எளிதில் ஒட்டுவதால் அதனை நீரிலிருந்து பிரிப்பது இலகு. கேடு செய்யும் இனத்துக்குள்ளேயே துணை செய்வோரும் இருக்கின்றனர். யார் எவர் என்று அறிவதற்குப் பிழையற்ற ஆராய்ச்சி வேண்டும். குடத்தோடு கிணற்றடியில் நிற்கும் தாய்க்கு அது உயிர்ப் பிரச்சினை.

இனி, தொடக்கத்திற் சொன்ன வாக்குக்கு வருகிறேன். 2010 டிசம்பரில் இம்மேடையில் நான் பேசியிருந்தால், "பார்த்தீர்களா, நஞ்சை உண்டு வாழலாம் என்பதை நம் புராணம் அன்றே சொல்லிவிட்டது" என்று முழங்கியிருப்பேன், நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். 2012இல் யாருக்கு வெட்கம்? பற்றீரியாவுக்கு அன்று, நாம் வீணே இழுத்துவிட்ட புராணத்துக்கு. வேறொரு மேடையில் வேறொரு சமயத்தார் அவ்வாறு செய்திருந்தாலும் அவருக்கும் அதே கதிதான். சமயத்தின் உண்மை சோதனைக்குழாயிலே தொங்குவதன்று. அதற்கு அந்த முட்டுக்கொடுப்புத் தேவையுமில்லை.

என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகூடத்தில் ஒருநாள் என் அளவீடு மற்ற மாணவரின் விடையோடு பொருந்தவில்லை. நண்பனின் கொப்பியைப் பார்த்து என்னுடையதை அழித்து எழுதினேன். மறுவாரம் ஆசிரியர், அன்று வைத்திருந்த கரைசலின் செறிவு மாறிவிட்டது என்றார். நான் அழித்த இலக்கமே சரியானது! பலரும் ஒப்புக்கொண்டதைக் கண்ணால் கண்டதிலும் மேலாக மதித்தேன். அன்று முதல், எல்லோரும் கைதட்டும் வேளையில் குழாயை மீண்டும் ஒருமுறை கழுவிப் பார்க்கும் மனிதரிடம் எனக்குப் பெருமதிப்பு.

சகோதரர்களே, நம்மைச் சூழவும் நஞ்சு குறைவில்லை. வதந்தியும் வகுப்புப் பகையும் உண்மையின் வேடம் பூண்டு, உண்மைக்குத் திறக்கும் வாயிலாலேயே நம் உள்ளத்துள் நுழைய முயல்கின்றன. அவற்றுக்கு அஞ்சி உலகை விட்டு ஓட இயலாது. அவற்றையே உடலாக்கிக்கொள்ளவும் கூடாது. மோனோ ஏரியின் அந்த அற்ப உயிர் இரண்டையும் செய்யவில்லை. நஞ்சின் நடுவே நின்று, வேண்டியதைத் தெரிந்து எடுத்தது; வேண்டாததை வெளியே இறைத்தது. அத்தகைய வாயிற்காவல் நம் ஒவ்வொருவரின் அறிவுக்கும் அமைவதாக.