துபாய் டீச்சரின் பணிக்கொடை

துபாயில் சர்வதேசப் பள்ளி ஆசிரியர் வேலைன்னா, ஒப்பந்தம் பெரும்பாலும் 2 வருஷத்துக்குத்தான். வெளிநாட்டுக்காரங்களுக்கு அங்கே அரசு ஓய்வூதியம் கிடையாது. பொதுவா, கிளம்பும்போது கைக்கு வர்றது பணிக்கொடை. முதல் 5 வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் சம்பளம். அப்புறம் 30 நாள்.

அதுவும் அடிப்படைச் சம்பளத்துல மட்டும்! வீட்டு வாடகைப்படி, பயணப்படி எல்லாம் சேராது. நியமனக் கடிதத்துல மொத்தம் 10,000 திர்ஹாம்னு பார்த்ததும் நம்ம ஆட்கள் பெட்டி கட்ட ஆரம்பிச்சிடுறாங்க. அதுல அடிப்படை 5,000தான்னா, 5 வருஷம் கழிச்சு வர்றது 17,500 திர்ஹாம். ஒரு வருஷம் முடியறதுக்குள்ள கிளம்பினா அதுவும் இல்லை.

வேற நிர்வாகத்துக்கு மாறினா கணக்கு மறுபடி முதல் வருஷத்துலேர்ந்து. ரெண்டு வருஷத்துக்கு ஒரு பள்ளின்னு தாவுறவங்களுக்கு அந்த 30 நாள் கணக்கு எட்டவே எட்டாது.