எல்லா மாடியிலும் நிற்கும் மின்தூக்கி



ஒரு நகரத்தின் வளர்ச்சியைப் பலர் அதன் கட்டடங்களின் உயரத்தை வைத்து அளக்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் நான்காம் மாடியில் வசிக்கும் எண்பது வயதுப் பாட்டியால் தனியாகச் சந்தைக்குப் போய்த் திரும்ப முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

சிங்கப்பூரைப் பார்ப்போம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தோன்றியது. அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீ ஏறக்குறைய 16,000 பேரின் வீடுகளைப் பறித்தது. அன்றைய அவசரத் தேவை தலைக்கு மேல் ஒரு கூரை. விரைவாகவும் மலிவாகவும் கட்ட வேண்டியிருந்தது. அதனால் பல பழைய புளோக்குகளில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. மற்ற மாடிக்காரர்கள் படியேறியோ இறங்கியோ வீடு சேர்ந்தார்கள். இளம் குடும்பங்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

ஆண்டுகள் ஓடின. குடியிருந்தவர்களுக்கு முதுமை வந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பத்துப் படியும் மலைதான். மருந்தகத்துக்குப் போகவே யாராவது தூக்கிச் செல்ல வேண்டும். சொந்த வீடே சிலருக்குச் சிறையானது.

2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அறிமுகமானது. கட்டடங்களை இடிக்காமலே மாடிதோறும் மின்தூக்கி நிற்க வழி செய்யப்பட்டது. செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றது. குடியிருப்பாளர்களும் ஒரு பங்கு கொடுத்தார்கள். குறைந்தது 75 விழுக்காட்டினர் இசைந்தால்தான் வேலை தொடங்கும் என்பது விதி. ஏற்கெனவே மின்தூக்கி நிற்கும் மாடியில் இருந்தவரும் மேல்வீட்டு முதியவரை நினைத்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. இப்படி 5,000க்கும் மேற்பட்ட புளோக்குகள் பயன்பெற்றன.

கட்டமைப்பும் செலவும் இடங்கொடாததால் சில புளோக்குகள் எஞ்சின. அங்குள்ள முதியோரும் உடற்குறையுள்ளோரும் வேறு வீடு வாங்க 30,000 வெள்ளி வரை உதவும் மானியம் 2020இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் முதுமையில் வீடு மாறுவதென்றால் பழகிய அண்டை அயலாரையும் விட்டுப் போக வேண்டும். அந்த இழப்பை எந்தப் பணமும் ஈடுசெய்யாது.

வேகமாக வளரும் நகரங்களுக்கு இதில் பாடம் உண்டு. நீடித்து நிற்கும் கட்டடத்தில் மனிதர்கள் மூப்படைவார்கள். அதை வரைபடத்திலேயே நினைத்துவிட்டால் செலவும் குறையும், வேதனையும் குறையும். இன்று படியேறும் கால்களும் ஒருநாள் தளரும். முதியோருக்காகச் செய்யும் வசதி நாளைய நமக்கும்தான்.