மொறுமொறு காலை உணவு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கஞ்சி, களி, பொங்கல் என்று குழைவாக எதைக் கொடுத்தாலும் சில குழந்தைங்க ஓங்கரிச்சுத் துப்பிடும். அடம்னு அடிக்காதீங்க. அந்தப் பதம் வாயில் பட்டாலே அவங்களால தாங்க முடியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கும், அது இல்லாத சிலருக்கும் இப்படி இருக்கும். ‘வளர்த்த லட்சணம்’ என்று தாயைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

மொறுமொறுப்பாகக் கொடுத்துப் பாருங்க. 1 டம்ளர் மெல்லிய அவலை எண்ணெய் விடாமல், சிறு தீயில், விரலில் நொறுங்கும்வரை வறுங்க. ஆறியதும் பொட்டுக்கடலைப் பொடி, வேர்க்கடலைப் பொடி, வெல்லத்தூள் தலா 2 ஸ்பூன் கலங்க. ஓட்ஸ் இருந்தால் அதையும் இப்படியே வறுக்கலாம். பாலை மேலே ஊற்றினால் ஊறிப்போகும். தனி டம்ளரில் கொடுங்க. சின்னக் குழந்தைக்கு முழு வேர்க்கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

பழகியபின் முறுகல் தோசையின் ஓரம், பிறகு நடுப்பகுதி என்று மெதுவாக மாற்றுங்க. பட்டினி போட்டுப் பழக்காதீங்க.

எடை கூடலைன்னாலோ பேச்சு தாமதமானாலோ அங்கன்வாடியில் சொல்லுங்க. அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் குழந்தையைக் காட்டுங்க.

உங்க குழுவில் இப்படி ஒரு தாய் இருந்தால், முதல்ல அவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க.