விலக்குக்கும் ஒரு விதி வேண்டும்



இந்தத் தலைமை நாற்காலியில் உட்காரத் தகுதியுள்ளவர்கள் முன்வரிசையிலேயே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்குள் வந்தேன். அவர்கள் முன்னால் தலைமை உரை ஆற்றுவது பெருமைதான். கையில் உள்ள தாள் லேசாக ஆடுவதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இந்தக் கருத்தரங்கை ஆனேக்கல்லில் கூட்டியது மிகப் பொருத்தம். கிழக்கே அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். தெற்கே இறங்கினால் தளி. ஜிகணி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளுக்குக் கர்நாடக-தமிழ்நாட்டு எல்லையின் இருபுறமிருந்தும் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். பாட்டி தெலுங்கிலும் தாய் தமிழிலும் பேச, பிள்ளை தெருவில் கன்னடத்தில் விளையாடும் வீடுகள் இங்கே சாதாரணம். பள்ளி மானியத்தைப் பற்றிப் பேச இதைவிடச் சிக்கலான, ஆகவே இதைவிட நல்ல இடம் கிடையாது.

நமக்குத் தந்திருக்கும் தலைப்பு ‘பள்ளி மானியமும் விதிவிலக்குகளும்’. இதன் வரலாறு உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். 1854-இல் சார்லஸ் வுட்டின் அறிக்கை தனியார் பள்ளிக்கு உதவித்தொகை என்ற வழியைத் திறந்தது. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ, தேர்வு முடிவுக்கு ஏற்பப் பணம் என்று ஏற்பாடு செய்தார். பள்ளி ஆய்வாளராக இருந்த மேத்யூ ஆர்னால்டே அதை எதிர்த்தார். அந்தப் பழக்கம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, 1882-இன் ஹண்டர் குழு வரை விவாதிக்கப்பட்டது. அரசு உதவிக்கு நியாயமான நிபந்தனை போடலாம், ஆனால் சிறுபான்மையினரின் உரிமையையே அதற்கு விலையாகக் கேட்கக் கூடாது என்று கேரளக் கல்வி மசோதா விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1958-இல் சொன்னது. உதவி பெறுவது அடிப்படை உரிமை அல்ல என்று அதே நீதிமன்றம் 2021-இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் சொன்னது. இரண்டும் சரியே என்பது என் கருத்து.

இன்றைய சண்டைகளும் தெரிந்தவைதான். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகச் சமக்ர சிக்ஷா நிதியில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு பிடித்துவைத்திருக்கிறது என்று தமிழ்நாடு 2025-இல் உச்ச நீதிமன்றம் போனது. கர்நாடகத்தில் 1995-க்குப் பிறகு தொடங்கிய கன்னடவழிப் பள்ளிகள் தங்களையும் மானியப் பட்டியலில் சேர்க்கும்படி நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றன. இவற்றுக்கெல்லாம் தனித்தனி அமர்வுகள் இருக்கின்றன. அமர்வுத் தலைவர்களின் வேலையில் நான் கைவைக்கப் போவதில்லை.

நான் எடுத்துக்கொள்ள விரும்புவது ஒரு சின்ன விதி: நாற்பதுக்குப் பத்து.

1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். ஒரு தொடக்கப் பள்ளியில் வட்டார மொழி அல்லாத ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தாலோ, ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தாலோ, அந்த மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும். 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது அரசியல் சட்டத்தில் 350-அ பிரிவு சேர்ந்தது. சிறுபான்மை மொழிப் பிள்ளைக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி தரப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்றது அது. அந்தப் பெரிய வாக்குறுதி நடைமுறையில் இந்த 40-லும் 10-லும்தான் வந்து நின்றது. சட்டத்தில் எண்ணே கிடையாது. அலுவலகக் கோப்பில் எண்ணைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

எல்லைத் தாலுகாக்களின் தமிழ்ப் பள்ளிகள் ஏன் மெலிந்தன என்பதைப் பற்றி என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நல்ல கட்டுரை எழுதினார். பெற்றோர் ஆங்கிலத்தை விரும்பினார்கள், பிள்ளைகள் போய்விட்டார்கள், எண்ணிக்கை விழுந்தது, ஆகவே விதியைத் தளர்த்துவது வெறும் செலவு என்பது அவர் வாதம். இந்த அவையிலேயே இருக்கிறார். மதியச் சாப்பாட்டில் எனக்குப் பதில் சொல்வார். அவர் தரவுகளில் எனக்குக் குறை இல்லை. காரியத்தைக் காரணமாக எடுத்துக்கொண்டார் என்பதே என் மறுப்பு.

ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்பாத வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் கால் மணி நேரம் பார்த்துவிட்டு இறங்கி நடப்பார். அவர் இறங்கிவிட்டதைக் காட்டி, இந்த வழித்தடத்துக்கு ஆளே இல்லை என்று வண்டியை நிறுத்தினால் எப்படி? தமிழ்ப் பிரிவுகளில் நடந்தது இதுதான். ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். எண்ணிக்கை 38 என்பதால் பணியிடம் நிரப்பப்படவில்லை. அடுத்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய், ‘தமிழ் வாத்தியார் இருக்காரா?’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். மறு ஆண்டு எண்ணிக்கை 29. கோப்பில் ‘தேவை இல்லை’ என்று குறிப்பு ஏறுகிறது. ஆங்கில ஆசை இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்துவிட்டன. ஆனால் ஐந்து வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உள்ள பிரிவை விட்டு ஒருவர் போவதை விருப்பத் தேர்வு என்று பட்டியலிடும் ஆய்வுமுறையை நான் ஏற்பதில்லை.

எண்ணுவதே எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சேர்க்கை நாளில் எழுத்தரின் மேசைக்கு அருகே உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒருவர், கையில் சிமெண்ட் கறையோடு, மகளைக் கூட்டிவந்திருந்தார். படிவத்தில் ‘மாத்ருபாஷே’ (தாய்மொழி) என்று ஒரு கட்டம். எழுத்தர், ‘கன்னட பருத்தா?’ (கன்னடம் வருமா?) என்று கேட்டார். சேர்க்கை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர், ‘பருத்தே சார்’ என்றார். கட்டத்தில் கன்னடம் ஏறியது. எழுத்தரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வரிசை நீளம், மேசை ஒன்று. நம் புள்ளிவிவரங்கள் இந்தக் கட்டத்திலிருந்துதான் பிறக்கின்றன. அந்தப் பிள்ளை நாற்பதில் ஒருத்தியாக என்றைக்கும் எண்ணப்படமாட்டாள்.

இங்கே நாம் எல்லோரும் படிக்காமல் தாண்டிப்போன ஒரு மூலத்தைச் சொல்ல வேண்டும். மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் ஆண்டறிக்கைகள். பதவி 350-ஆ பிரிவின்கீழ் 1957-இல் வந்தது. நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் அறிக்கைகள், வறண்ட நடை. ஆனால் மாநிலங்கள் ஒத்துக்கொண்ட பாதுகாப்புத் திட்டம் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் 40:10-க்குப் பக்கத்திலேயே இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, கல்வியாண்டு தொடங்கும் முன்பே சிறுபான்மை மொழிப் பிள்ளைகளின் பெயர்களைப் பதிவுசெய்யும் முன்பதிவேடு. மற்றொன்று, ஒரு பள்ளியில் எண்ணிக்கை போதாவிட்டால் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்த்துப் பார்க்கும் பள்ளிகளுக்கிடையிலான ஏற்பாடு. எண்ணை எழுதியவர்களே அதன் கடுமையைத் தணிக்கும் வழியையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். என் நண்பரின் கட்டுரை 40:10-ஐப் பல இடங்களில் மேற்கோள் காட்டுகிறது. இந்த இரண்டையும் ஓரிடத்திலும் காட்டவில்லை. அதிகாரிகளும் அப்படியே செய்தார்கள்.

இன்னொரு தரப்புக்கும் ஒரு வார்த்தை. இதெல்லாம் கர்நாடகம் தமிழருக்குச் செய்யும் வஞ்சனை என்று மேடையில் முழங்குபவர்கள் நம் பக்கத்தில் உண்டு; கைத்தட்டலும் கிடைக்கும். அவர்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்த் தெலுங்கு, கன்னடப் பள்ளிகளைப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளிலிருந்து விலக்கு வேண்டி உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருந்தது. கர்நாடகம் 2015-இல் தன் கன்னடம் கற்றல் சட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லையின் இரு பக்கமும் நோய் ஒன்றே: விலக்கு கேட்பவர் ஒவ்வொரு முறையும் கையேந்தி நிற்க வேண்டியிருக்கிறது.

‘ஒரு பள்ளிக்குத் தளர்த்தினால் நாளை ஊரே வரிசையில் நிற்கும்’ என்று நிதித்துறை நண்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு அரசியல் சட்டத்தின் 337-ஆம் பிரிவை நினைவூட்டுகிறேன். ஆங்கிலோ-இந்தியப் பள்ளிகளுக்கான சிறப்பு மானியம் அது. முதல் மூன்று நிதியாண்டுகளுக்கு 1947-48-இல் தந்த அளவு. பின் ஒவ்வொரு மூன்றாண்டுக்கும் பத்து சதவீதம் குறைக்கலாம். பத்தாண்டு முடிந்தால் சலுகை நின்றுவிடும். ஆண்டுச் சேர்க்கையில் 40 சதவீத இடமாவது பிற சமூகத்தாருக்குத் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு, எத்தனை நாள், என்ன நிபந்தனை, எப்போது முடிவு என்று நான்கையும் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இந்தப் பிரிவு தந்த பலத்தோடுதான் 1954-இல் தேவ்லாலி பார்ன்ஸ் பள்ளி வழக்கில் பம்பாய் அரசின் உத்தரவு உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. ஊர் வரிசையில் நிற்கவில்லை. நாடு திவாலாகவும் இல்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. கனடாவின் 1982 உரிமைச் சாசனம் சிறுபான்மை மொழிப் பள்ளிக்கு அரசுப் பணம் தருவதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையோடுதான் இணைத்திருக்கிறது. ஆனால் எந்த எண்ணிக்கை? எட்மண்டன் நகரின் பிரெஞ்சு பேசும் பெற்றோர் தொடுத்த மஹே வழக்கில் 1990-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இன்று விண்ணப்பித்தவர்களை மட்டும் எண்ணக் கூடாது, பள்ளி இருந்தால் காலப்போக்கில் யார் வருவார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் அலுவலகங்கள் எழுபது ஆண்டாக எண்ணத் தவறியது அந்தப் பிள்ளைகளைத்தான்.

விலக்கே இல்லாத நிர்வாகம் எங்கும் இல்லை என்பதையும் ஒளிக்காமல் பேசுவோம். சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் உள்ள பள்ளிக்கு 31 பிள்ளைகளோடும் ஆசிரியர் வருவார்; சிபாரிசு இல்லாத பள்ளிக்கு 39 இருந்தாலும் வரமாட்டார். கோப்புகளைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள். ஆகவே விலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி முடிந்துபோனது. அது சிபாரிசில் கிடைக்க வேண்டுமா, எழுதிய விதியில் கிடைக்க வேண்டுமா என்பதே மிச்சம்.

என் முன்மொழிவு மூன்று. ஒன்று, 40-ஐத் தனிப் பள்ளிக்கு எண்ணாமல் பள்ளித் தொகுப்புக்கு எண்ண வேண்டும். ஏப்ரலில் முன்பதிவேடு திறக்கப்பட்டு, தாய்மொழிக் கட்டத்தைப் பெற்றோரிடம் கேட்டறிந்து நிரப்ப வேண்டும். இரண்டு, எண்ணிக்கை விழுந்தாலும் ஆசிரியர் பணியிடம் ஐந்து ஆண்டுகளுக்கு உயிரோடு இருக்க வேண்டும்; அதற்குப் பிறகும் பிள்ளைகள் வராவிட்டால் மூடுங்கள், நான் வாதாடமாட்டேன். மூன்று, தரப்படும் ஒவ்வொரு விலக்கும் காரணத்தோடும் காலவரம்போடும் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பலகையில் ஒட்டப்பட வேண்டும். இதே மூன்றும் ஓசூரின் கன்னட, தெலுங்குப் பள்ளிகளுக்கும் பொருந்தும். இங்கே கேட்பதை அங்கே கொடுக்க மறுப்பவர் இந்தக் கோரிக்கையில் கையெழுத்திட வேண்டாம்.

துறையின் நிலவரத்தை மதிப்பிடச் சொல்லித்தான் அழைத்தீர்கள், வழக்காடிவிட்டேன். மறுப்புள்ளவர்கள் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விலக்கு கொடுத்தால் விதி கெட்டுவிடும் என்ற ஒற்றை வாக்கியத்தோடு வருபவர், இன்று சிபாரிசில் நடப்பதற்கு என்ன பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையே என் நண்பருடையது.