வீட்டுக் கொல்லையும் நம் உரிமையே

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சம்பளமும் போனசும் பேசவேண்டிய மேடையில் கீரைக்கும் கிழங்குக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். செக்ரோல் எழுதுகிற கிராணி நான். மாதக் கடைசியில் எழுதப்படும் தொகை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அது அடுப்படிக்கு வந்து சேரும்போது எவ்வளவாகச் சுருங்குகிறது என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஆகவே சோற்றுப் பேச்சும் சங்கப் பேச்சுதான்.

லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலம் யாருடைய தயவாலும் வந்ததன்று. போருக்கு முந்திய மலாயாத் தொழிலாளர் சட்டமே, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்கவேண்டும் என்றது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,720 சதுர அடி. நம் பாட்டன்மார் அந்த மண்ணில்தான் முருங்கைக் கொம்பை ஊன்றினார்கள்.

அந்தக் கொல்லையின் அருமையை இரண்டு காலங்கள் நமக்குக் கற்பித்தன. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக்கிழங்கே உயிரைக் காத்தது. ஆனால் கிழங்கு மட்டுமே தின்ற உடம்பு தேய்ந்தது; அதில் மாவு உண்டு, சதை வளர்க்கும் சத்து மிகக் குறைவு. அடுத்து 1948இல் அவசரகாலம் வந்தது. 1950க்குப் பின் பல தோட்டங்களில் லயங்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. உணவுக்குக் கட்டுப்பாடு வந்தது. மரம் வெட்டப் போகிறவர் ஒரு கவளம் சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாத நிலை இருந்தது. சோறு பிறர் கையில் இருந்தால் மனிதனும் பிறர் கையில்தான் என்பதை அன்று கண்டோம்.

நம் அடுக்களையின் அறிவைத் தாழ்வாக எண்ணவேண்டாம். 1907இல் நெகிரி செம்பிலானில் ஜெலுபு வட்டாரத்தில் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்தார்கள். பெரிபெரி நோய் வெள்ளை அரிசி உண்டவர்களையே பிடித்தது. நெல்லைப் புழுக்கிக் குத்தி உண்ட நம் மூதாட்டிகள் அந்தக் காவலைப் பெயர் தெரியாமலே கைக்கொண்டிருந்தார்கள்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முளைக்கீரையும் கங்குன் கீரையும் விதைத்த மூன்று நான்கு வாரங்களில் சட்டிக்கு வந்துவிடும். பயத்தங்காய்க்கு இரண்டு மாதம் போதும். கத்திரி மூன்று மாதம் கேட்கும். மரவள்ளிக்கு எட்டு முதல் பன்னிரண்டு மாதம். வாரம் ஒரு பாத்தி விதைத்தால் கீரை அறாது. மழையில் மரம் நனைந்து வெட்டு நிற்கும் நாளிலும், இலை உதிர்ந்து பால் குறையும் மாதங்களிலும் இந்தப் பாத்திதான் கைகொடுக்கும்.

வாழை ஒன்று நின்றால் நான்கு கறி. காய் வறுவலுக்கு, பூ வடைக்கு, தண்டு பொரியலுக்கு, பழம் பிள்ளைகளுக்கு. முருங்கைக்கீரையைப் பருப்போடு வேகவைத்துத் தேங்காய்த் துருவல் போட்டு இறக்குங்கள். கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்புக்கு அவித்த மரவள்ளியைத் தொட்டுக்கொண்டால் கடைக்காரனைத் தேடவேண்டியதில்லை. நெத்திலியோ பருப்போ முட்டையோ கூடவே இருக்கட்டும். ஜப்பான் காலத்துத் தேய்வு திரும்பாது.

இரண்டு எச்சரிக்கைகள். மரவள்ளியைப் பச்சையாகத் தின்னக்கூடாது. கசப்பு வகையில் நஞ்சு அதிகம். தோல் உரித்து, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த சட்டியில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இலையையும் அப்படியே. மற்றொன்று: மருந்து அடித்த நிரையில் கீரை பறிக்காதீர்கள், களைக்கொல்லி வந்த தோம்பில் தண்ணீர் பிடிக்காதீர்கள். கழுவினாலும் அது பாத்திரம் ஆகாது.

ஆண் தோழர்களுக்கு ஒரு சொல். விடியுமுன் எழுந்து சமைத்து, மரம் வெட்டி, பால் தூக்கி, திரும்பி வந்து பாத்திக்கும் தண்ணீர் ஊற்றுகிறவள் யார்? கொல்லை குடும்பத்தின் கொல்லை. மண்வெட்டி பிடிப்பதும் தண்ணீர் சுமப்பதும் பங்கிட்ட வேலையாக இருக்கட்டும். இல்லையேல் நாம் மேடையில் பேசும் சமத்துவத்தை லயத்து வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். "உங்களுக்குத்தான் கொல்லை இருக்கிறதே, கீரை இருக்கிறதே, கூலி எதற்குக் கூட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. தோழர்களே, பால் வெட்டியதற்குக் கூலி. மண் கொத்தியதற்குக் கீரை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைக்க எவருக்கும் உரிமையில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டம் வந்தது. எந்த முருங்கை மரமும் அதிலிருந்து ஒரு காசைக் கழிக்க முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாயின. பட்டணத்தை ஒட்டியவை வீடமைப்புத் திட்டங்களாயின. அங்கிருந்தவர்கள் பலர் அடுக்குமாடிக்குப் போனார்கள். வீட்டுக்குப் பதில் வீடு என்று பேசியபோது, கொல்லைக்குப் பதில் என்ன என்று எத்தனை பேர் கேட்டோம்? மாடிப்படியில் மரவள்ளி விளையாது.

ஆகவே மூன்று காரியங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கொல்லையில் என்ன நிற்கிறது, எவ்வளவு நிலம் என்று எழுதிக் கிளையிடம் கொடுக்கட்டும். எழுத வராதவர்க்கு நானும் மற்றக் கிராணிமாரும் எழுதித் தருவோம். காலியாகக் கிடக்கும் கொல்லையை இளைஞர்கள் கொத்தித் திருத்தட்டும். தோட்டம் கைமாறும் பேச்சு எழுந்தால், வீட்டோடு கொல்லையும் நம் கோரிக்கைத் தாளில் ஏறட்டும்.

உழைப்பவன் தட்டில் உழைப்பவன் விளைத்த உணவு நிறையட்டும். வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!