கணிப்பொறியும் ரவிக்கை டாட்டும்

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தையல் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதிலும் ஒரே ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஜாக்கெட்டில் நாம் பிடிக்கிற டாட். "அதென்னக்கா, கம்ப்யூட்டரே போட்டுடுமே" என்று தங்கைகள் நினைக்கலாம். போட்டுவிடும்தான். ஆனால் யாருக்காகப் போடுகிறோம் என்பது அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

முதலில், டாட் என்பது என்ன? ஒரு தாளை வட்டமாக வெட்டுங்கள். ஓரத்திலிருந்து நடுப்புள்ளி வரை ஒரு கீறல் போடுங்கள். கீறலின் ஒரு ஓரத்தை மற்றதன்மேல் கொஞ்சம் ஏற்றிப் பிடியுங்கள். தட்டையாக இருந்த தாள் குவிந்து நிற்கும். அந்த ஏற்றம்தான் டாட். நடுப்புள்ளிதான் மார்பு முனை. கீறலை எந்தத் திசையில் போட்டாலும், ஏற்றுகிற கோணம் ஒன்றாக இருந்தால் குவிவும் ஒன்றுதான். நம்ம ஊர் நாலு டாட் ஜாக்கெட்டில் கீழே ஒன்று, சைடில் ஒன்று, அக்குள் பக்கம் ஒன்று, ஊக்குப் பட்டிப் பக்கம் ஒன்று என்று பிடிக்கிறோமே, அங்கே அந்தக் கோணத்தை நாலாகப் பங்கு போடுகிறோம், அவ்வளவுதான்.

திரையில் டாட்டை இடம் மாற்றும்போது பலர் சறுக்குவது இங்கேதான். மார்பு முனையிலிருந்து 5 அங்குலம் தள்ளி, கீழ் ஓரத்தில், டாட்டின் வாய் 1½ அங்குலம் என்று வையுங்கள். அதையே 10 அங்குலம் தள்ளியிருக்கும் தோளுக்குக் கொண்டுபோனால் வாய் 3 அங்குலம் ஆகும். "ஐயோ, இவ்வளவு பெரிசா" என்று பயந்து 1½ என்றே போட்டால், குவிவு ஏறக்குறைய பாதியாகி மார்பில் இறுக்கிப் பிடிக்கும். ஆகையால் அகலத்தை நகலெடுக்காதீர்கள். மார்பு முனையை மையமாக வைத்துச் சுழற்றுங்கள், கோணம் மாறாது.

மையம் மார்பு முனை என்றாலும், தையல் அதுவரை போகக்கூடாது. ½ முதல் 1 அங்குலம் முன்பே நிறுத்தணும். இல்லாவிட்டால் கூராகத் துருத்திக்கொண்டு நிற்கும். நுனியைப் பின்னுக்கு இழுத்தபிறகு டாட்டின் இரண்டு கால்களும் ஒரே நீளமா என்று அளந்து பாருங்கள். அடுத்து, டாட்டை மடித்தால் ஓரம் எப்படி வரும் என்று பார்த்து அந்தக் கோட்டைத் திருத்த வேண்டும். அப்போது டாட் வாயில் சின்னக் கூரை மாதிரி ஒரு முனை வரும். பிழை என்று நினைத்து அதை வெட்டிவிடாதீர்கள். தைத்தபின் அந்த இடத்தில் துணி குறைந்துபோகும்.

இனி முக்கியமான விஷயம். இரண்டு பேர் அளவு கொடுக்க வருகிறார்கள். இருவருக்கும் மார்புச் சுற்றளவு 36. ஆனால் அக்குளை ஒட்டி எடுக்கிற மேல் மார்பு, ஒருவருக்கு 34, இன்னொருவருக்கு 32. அட்டவணைப்படி இருவரும் ஒரே சைஸ். உண்மையில் இரண்டாமவருக்கு வித்தியாசம் 4 அங்குலம். டாட் பெரிசாக வேண்டும். மார்பளவை மட்டும் கொடுத்தால் மென்பொருள் இருவருக்கும் ஒரே டாட்டைத்தான் போடும். அந்த அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, "முன்னாடி பிடிக்குது, தோள்ல தொளதொளன்னு இருக்கு, என் உடம்பு வாகு அப்படி" என்று தன்னையே நொந்துகொள்வார். அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை. நாம் கொடுத்த எண்ணில்தான் குறை.

சீம்லி டூ டி என்று கட்டணமில்லாத மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் உடல் அளவுகள் ஒரு கோப்பிலும் வரைபடம் இன்னொரு கோப்பிலும் இருக்கும். அளவை மாற்றினால் படம் தானே மாறும். டாட்டுக்கு 1½ என்று எண்ணாகக் கொடுத்தால் எத்தனை பேர் வந்தாலும் 1½ தான். மார்புக்கும் மேல் மார்புக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சூத்திரமாகக் கொடுத்தால், வருகிறவருக்குத் தகுந்தபடி டாட் விரியும், சுருங்கும். மாணவிகள் இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாம் பாதி வரைந்து மறுபாதியைக் கண்ணாடி பிம்பமாக எடுக்கிறோம். எல்லா உடம்பும் அப்படி இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இடமும் வலமும் வேறு வேறாக இருக்கலாம். அவர்களிடம், உள்ளே பஞ்சு வைத்து உடுத்துவார்களா, அப்படியே உடுத்துவார்களா என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். பிறகு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து, தனித்தனி டாட்டாக வரையுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் கூச்சமில்லாமல் ஒருவர் வெளியே போய்வர அந்த வேலை உதவும்.

கடைசியாக, அச்செடுத்ததும் தாளிலுள்ள சோதனைச் சதுரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காடாத் துணியில் ஒரு தடவை தைத்துப் போட்டுப் பாருங்கள். திரையில் அழகாகத் தெரிந்தால் போதாது; போட்டுக்கொண்டவர் கையைத் தூக்கி, மூச்சை இழுத்து, "சரியா இருக்கும்மா" என்று சொல்லவேண்டும். கணிப்பொறி வந்துவிட்டது என்று இஞ்ச் டேப்பைத் தூக்கி வைத்துவிடாதீர்கள்.