அடுத்த நூலை யார் தேர்ந்தெடுப்பது?

மலேசியாவின் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் நூலகத்தின் மின்நூலை இரவல் வாங்கிப் படிக்கும் காலம் இது. “உங்களுக்காக” என்று செயற்கை நுண்ணறிவு நூல்களைப் பரிந்துரைக்கவும் தொடங்கிவிட்டது.

எப்படிப் பரிந்துரைக்கிறது? பெரும்பாலும், நம்மைப் போன்ற வாசகர்கள் அதிகம் எடுத்ததை முன்னே வைக்கிறது. அதனால் பலர் படித்த நூலையே மேலும் பலர் படிப்பார்கள். அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ போன்ற நம் மண்ணின் நாவல் கண்ணில் படாமலே போகலாம்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் ஐந்து நூலக விதிகளை வெளியிட்டார். வாசகருக்கு உரிய நூல் கிடைப்பது போலவே, நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பரிந்துரைக்கும் கணினிக்கும் இதுவே அளவுகோலாக இருக்க வேண்டும்.

இன்னொன்று அந்தரங்கம். ஒருவர் படிக்கும் நூல்கள் அவருடைய நோயையும் கவலையையும் நம்பிக்கையையும் காட்டிக்கொடுக்கும். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அரசு நூலகங்கள் தாமே முன்வந்து வாசகரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும்.

அடுத்த முறை நூலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த நூலை எனக்கு ஏன் காட்டினீர்கள்? என் வாசிப்புப் பதிவை அழிக்க முடியுமா? பரிந்துரையே வேண்டாம் என்று நிறுத்த முடியுமா? பதில் பெறுவது வாசகரின் உரிமை.